எண்ணப் போவதற்கு முன் வாய்க்கால் கரையில் ஒரு நடை

2011 பிப்ரவரி 9, புதன்கிழமை. அன்று காலையிலிருந்து மாத முடிவு வரை, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக எங்கள் ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். நான் அந்த ஊரிலேயே பிறந்தவள், அங்கேயே பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தவள். எந்தத் தெருவில் யார் வீடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்று நினைத்திருந்தேன். அந்த இருபது நாளில் எத்தனை பேரை நான் பார்த்ததே இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

இப்போது பணி ஓய்வு பெற்றுவிட்டேன். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து நடக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். காகிதப் படிவத்துக்குப் பதில் செல்போன், கேள்விகளில் சாதியும் உண்டு என்கிறார்கள். என்னைப் போல ஒரு சின்ன விவசாய ஊரில் இந்த வேலைக்குப் போகும் ஆசிரியர்களுக்கும், கதவைத் திறந்து பதில் சொல்லப் போகிறவர்களுக்கும் இது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

ஊர் பெயரைச் சொல்லப் போவதில்லை. 1948-ஆம் ஆண்டு சென்சஸ் சட்டப்படி, ஒரு வீட்டில் கேட்டு எழுதியதை வெளியே சொல்ல எனக்கு உரிமை கிடையாது. சின்ன ஊர் வேறு. பெயரைச் சொன்னால் யாரைச் சொல்கிறேன் என்று நாலு பேருக்குப் புரிந்துவிடும். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி, அவ்வளவு போதும்.

முதலில் தரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்லணையில் காவிரியிலிருந்து பிரியும் வெண்ணாறு, தென்பெரம்பூரில் ஒரு முறை கிளை விடுகிறது. பிறகு நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மறுபடி மூன்றாகிறது. எங்கள் ஊர் அதற்குக் கீழே இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் பக்கம் முழுக்கச் சமதளமாகத்தான் தெரியும். ஊர்க்காரர்களுக்கு அப்படி இல்லை. மேற்கே ஒரு சாண் உயரம், கிழக்கே ஒரு சாண் பள்ளம் என்பதுகூட எங்களுக்குப் பெரிய வித்தியாசம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று இறங்கி எங்கள் கடைமடை வயலில் பாயும்போது சில வருடங்களில் விதைக்கிற பருவமே தாண்டியிருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் அதே பள்ளத்தில் தண்ணீர் வடியாமல் நிற்கும். மேலே உள்ளவருக்குப் பாசன வாய்க்கால், கீழே உள்ளவருக்கு வடிகால். ஒரே வாய்க்கால்தான்.

வீடுகளும் இந்தச் சாண் கணக்கில்தான் உட்கார்ந்திருக்கின்றன. கோயிலும் குளமும் பழைய பெரிய தெருக்களும் மேட்டில். கடைத்தெரு சாலை ஓரம். நிலமில்லாத கூலிக்காரர்களின் தெருக்கள் வயலை ஒட்டிய பள்ளத்தில். இது தற்செயலாக அமைந்தது என்று யாரும் சொல்ல வேண்டாம். யாருக்கு எந்தத் தரை என்பதை சாதி முடிவு செய்த ஊர்கள் இவை. மழைக்காலத்தில் எந்தத் தெரு ஜனம் எங்கள் பள்ளிக்கூடத்தில் வந்து தங்குகிறது என்பதைப் பார்த்தாலே ஊரின் மேடு பள்ளம் தெரிந்துவிடும். இவை தவிர, எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாமல் வாய்க்கால் கரையிலும், ஆற்றுப் படுகையிலும், திடலிலும் சில வீடுகள் இருக்கும். நான் தப்பு செய்தது அங்கேதான்.

கணக்கெடுப்பு இரண்டு கட்டமாக நடக்கும். 2010-இல் வீட்டுப்பட்டியல், 2011 பிப்ரவரியில் ஆட்களை எண்ணுவது. வீட்டுப்பட்டியலின்போதே நம் பகுதிக்கு ஒரு வரைபடம் போட வேண்டும். வடக்கு மேலே இருக்க வேண்டும், வடமேற்கு மூலையிலிருந்து எண் போட்டுக்கொண்டு வர வேண்டும், கெட்டி வீட்டுக்குச் சதுரம், மண், ஓலை என்று கட்டிய கச்சா வீட்டுக்கு முக்கோணம். என் பகுதியின் வடக்கு எல்லை ஒரு வாய்க்கால். நான் தெற்குக் கரையோடு நிறுத்திக்கொண்டேன். அடுத்த பகுதிக்குரிய ஆசிரியர் வாய்க்காலுக்கு வடக்கே போகும் சாலையிலிருந்து தொடங்கினார். சாலைக்கும் வாய்க்காலுக்கும் நடுவே, கருவேல மரங்களுக்குப் பின்னால், கரைமேல் 11 குடிசைகள். என் வரைபடத்திலும் இல்லை, அவர் வரைபடத்திலும் இல்லை.

பிப்ரவரியில் நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, மூங்கில் பாலத்தில் குடத்தோடு வந்த ஒரு அம்மா என்னை நிறுத்தினார். "எல்லார் வீட்டுச் செவுத்துலயும் நம்பர் போட்டீங்க. எங்களுக்கு மட்டும் ஏன் டீச்சர் போடல?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. போடாமல் விட்டதில் ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி இன்னும் மறக்கவில்லை. அன்று மாலையே அடுத்த பகுதி ஆசிரியரையும் எங்கள் மேற்பார்வையாளரையும் அழைத்துக்கொண்டு அந்தக் கரைக்குப் போனேன். மூன்று பேரும் நின்று, எல்லை எது என்று முடிவு செய்து, அந்த 11 வீட்டையும் என் பகுதியில் சேர்த்தோம். 43 பேர். எங்கள் ஊரின் அளவுக்கு அது ஒரு சின்னத் தெரு.

அதிலிருந்து நான் கற்றது இது. வீட்டை எண்ணத் தொடங்கும் முன் ஒரு நாள் ஒதுக்கி, உங்கள் பகுதியில் ஓடும் வாய்க்காலின் தலைப்பிலிருந்து கடைசி மதகு வரை கரையோடு நடந்து பாருங்கள். பிறகு திரும்பி மறுகரை வழியாக வாருங்கள். சாலையில் நின்று பார்த்தால் ஊர் ஒரு மாதிரி தெரியும். கரையில் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரியும். எல்லைக் கோடு வாய்க்கால், ஆறு, ரயில் பாதை என்று இருந்தால், அடுத்த பகுதிக்காரரோடு சேர்ந்தே அந்தக் கோட்டில் நடந்துவிடுங்கள். "அது அவர் பக்கம்" என்று இரண்டு பேரும் நினைக்கிற இடத்தில்தான் மனிதர்கள் விடுபடுகிறார்கள்.

கரையில் இருந்தவர்களுக்கு இன்னொரு பயம் இருந்தது. இடம் புறம்போக்கு. எழுதிக்கொண்டு போய் ஆபீஸில் கொடுத்து, நாளைக்கு ஜேசிபியோடு வந்துவிடுவார்களோ என்ற பயம். இரண்டு வீட்டில் ஆட்களைக் குறைத்துச் சொன்னார்கள். இந்தப் படிவத்தை யாரும் வாங்கிப் பார்க்க முடியாது, இடத்தைக் காலி செய்யச் சொல்லும் வழக்கில் இதைச் சாட்சியாக வைக்கவும் சட்டம் விடாது என்பதை நான் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருந்தது. அதே மூச்சில் இன்னொன்றையும் சொன்னேன்: இதில் பெயர் எழுதினதால் பட்டாவும் வராது, ரேஷன் கார்டும் வராது. நம்பிக்கை வர வேண்டும் என்பதற்காக இல்லாததைச் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த வருடம் அந்தத் தெருவில் நடக்க முடியாது.

"அப்ப எழுதி என்னதான் ஆவப் போவுது?" என்று நேராகக் கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. எங்கள் பேரூராட்சி மன்றத்தில் ஆதிதிராவிடர்களுக்கு எத்தனை வார்டு ஒதுக்க வேண்டும் என்பது, சென்சஸில் அவர்களின் எண்ணிக்கை என்ன விகிதம் என்பதை வைத்துத்தான் தீர்மானமாகிறது. 43 பேர் விடுபட்டால் அந்த விகிதத்தில் 43 பேர் குறையும். இதைச் சொன்னதும் கரையில் ஒரு இளைஞர், விட்டுப்போன தன் தம்பி பெயரைச் சொல்லி "இவனையும் எழுதிக்குங்க" என்றார். அப்புறம் எங்களுக்கு அடுத்த இரண்டு மாதத்தில் சட்டமன்றத் தேர்தல் வேறு வந்தது. "ஓட்டு லிஸ்டா டீச்சர்?" என்று கேட்காத வீடே இல்லை. இது ஓட்டு லிஸ்ட் இல்லை, பிறந்து ஒரு நாள் ஆன குழந்தையும் இதில் உண்டு என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். அதைச் சொன்ன பிறகுதான் பல வீடுகளில் கைக்குழந்தைகளின் பெயர் வந்தது. சிறு குழந்தைகளைச் சொல்ல மறப்பது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. கடைசியாக ஒரு முறை "தொட்டிலில் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

நேரம் பற்றிச் சொல்ல வேண்டும். பிப்ரவரி எங்களுக்குச் சம்பா, தாளடி அறுவடை நேரம். பத்து மணிக்கு ஒரு தெருவுக்குள் போனால் வயதானவர்களும் நாய்களும்தான் இருப்பார்கள். முதல் மூன்று நாள் வெயிலில் வீணாக அலைந்தேன். பிறகு காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை ஒரு சுற்று, மாலை விளக்கு வைத்த பிறகு ஒரு சுற்று என்று மாற்றிக்கொண்டேன். மதியத்தில் களத்துக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் போனேன், அங்கேயே படிவம் எழுத இல்லை. யார் வீட்டில் எப்போது ஆள் இருக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளத்தான். களத்தில் வைத்து எழுதினால் பக்கத்தில் நிற்கிறவர்கள் பதில் சொல்வார்கள். பெண்களின் வயதும் பிள்ளைகள் எண்ணிக்கையும் அங்கே சரியாக வராது.

அடுத்தது, எது ஒரு குடும்பம்? சென்சஸ் சொல்வது சுலபம்: பொதுவாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். எங்கள் ஊர்ப் பேச்சில் "ஒரே உலை". பெரிய வீட்டில் நாலு அண்ணன் தம்பி இருப்பார்கள், வாசல் ஒன்று, உலை நாலு. அது நாலு குடும்பம். எதிர்வீட்டில் தனியாகப் படுக்கிற அப்பாயிக்கு இந்த வீட்டிலிருந்து சாப்பாடு போகும். அது ஒரே குடும்பம். "நீங்க கூட்டுக் குடும்பமா?" என்று கேட்டால் கௌரவத்துக்காக ஆமாம் என்பார்கள். "ராத்திரி சோறு எங்கே வெந்தது?" என்று கேளுங்கள், உண்மை வந்துவிடும். ஒரு வீட்டில் இந்தக் கேள்வியால் மருமகள் அழுதுவிட்டாள். அந்த வாரம்தான் உலை பிரித்திருக்கிறார்கள். சில கேள்விகளைத் தனியாக, தாழ்ந்த குரலில் கேட்க வேண்டும் என்று அன்று தெரிந்தது.

ஊரில் இல்லாதவர்களைப் பற்றிய கேள்விதான் எனக்கு அதிக நேரம் எடுத்தது. திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், துபாய், குவைத் என்று எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் ஒரு ஆள் வெளியே. அம்மாக்கள் மகன் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். விதி என்னவென்றால், பிப்ரவரி 9 முதல் 28 வரை முழுக்க வெளியே இருக்கிறவரை இங்கே எழுதக் கூடாது. இந்தியாவுக்குள் இருந்தால் அவர் தங்கியிருக்கும் ஊரில் எழுதுவார்கள். அந்த நாட்களுக்குள் ஒரு பகுதியாவது இங்கே இருந்தால், அல்லது 28-க்குள் திரும்பி வந்துவிடுவார் என்றால், இங்கே எழுதலாம். "மாசி மகத்துக்கு வந்துடுவான்" என்றால் எழுதலாம், "தீபாவளிக்கு வருவான்" என்றால் முடியாது. பெற்ற மகனின் பெயரை எழுத மாட்டேன் என்று ஒரு தாயிடம் சொல்வது எளிதல்ல. ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் இந்த ஊரு புள்ளதானே டீச்சர்" என்றார். நான் அவரிடம், அவன் பெயர் அவன் இருக்கிற இடத்தில் எழுதப்படும், இரண்டு இடத்தில் எழுதினால் ஒருவன் இரண்டாகிவிடுவான் என்று விளக்கினேன். போனிலேயே மகனைக் கூப்பிட்டு, அங்கே எழுத வந்தார்களா என்று கேட்கச் சொன்னேன். வரவில்லை என்றான். அவன் தங்கியிருந்தது பனியன் கம்பெனி மாடியில், எட்டுப் பேர் ஒரு அறையில். பகலில் வந்தவர் பூட்டைப் பார்த்துப் போயிருப்பார். அவனையே அங்கே போய் விசாரிக்கச் சொன்னோம். அந்த வாரக் கடைசியில் எட்டுப் பேரையும் எழுதிவிட்டதாகச் செய்தி வந்தது. வெளியூரில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் இந்த முறை செய்ய வேண்டியது இதுதான்: அங்கே எழுதியாயிற்றா என்று ஒரு போன்.

கணக்கு வெளியான பிறகு மாவட்ட எண்களைப் பார்த்தேன். திருவாரூர் மாவட்டத்தில் 12,64,277 பேர். 1000 ஆண்களுக்கு 1017 பெண்கள். தமிழ்நாட்டுக்கு அதே கணக்கு 996. எங்கள் மாவட்டத்தில் பெண்கள் கூடுதல் என்று மேடையில் பெருமையாகப் பேசினார்கள். நான் அந்த வீடுகளில் உட்கார்ந்து எழுதியவள். இந்த எண்ணில் வெளியே போன ஆண்களின் இடமும் இருக்கிறது, கணவனுக்குப் பின்னும் வாழும் பாட்டிகளின் எண்ணிக்கையும் இருக்கிறது. ஒரு சின்ன ஊரின் பாலின விகிதத்தைப் படிக்கும்போது வயது வாரியாகப் பார்க்க வேண்டும். குழந்தைகளில் எத்தனை, இருபது முதல் நாற்பது வயதில் எத்தனை, அறுபதுக்கு மேல் எத்தனை என்று பிரித்தால்தான் அந்த எண் ஏதாவது சொல்லும்.

பூட்டிய வீடுகள் வேறு ஒரு பக்கம். நாடு முழுக்க 2011-இல் சுமார் 33 கோடி கட்டடங்களைப் பட்டியலிட்டதில் சுமார் இரண்டரைக் கோடி காலி. எங்கள் மேட்டுத் தெருவில் வரிசையாக மூன்று பூட்டு. பக்கத்து வீட்டில் விசாரிக்காமல் காலி என்று எழுதிவிடாதீர்கள். ஒரு பூட்டிய வீட்டின் கொல்லைப்புறத்தில், வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஒரு குடும்பம் இருந்தது.

இனி வேலை பற்றிய கேள்வி. ஒரு விவசாய ஊரின் கணக்கில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது இதுதான், மிகவும் தவறாகப் போவதும் இதுதான். காலில் சேறு காயாமல் வாசலில் நிற்கும் பெண்ணிடம் "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டால், "வேலையா? சும்மாதான் இருக்கேன்" என்பார். பக்கத்தில் கணவர் நின்றால் "அது வீட்லதான்" என்று அவரே சொல்லி முடித்துவிடுவார். அதை அப்படியே எழுதினால் அந்தப் பெண் வேலை செய்யாதவர். நான் கேள்வியை மாற்றினேன். போன புரட்டாசியில் நாற்று பறிக்கப் போனீங்களா? எத்தனை நாள்? களை எடுக்க? மாடு யார் பார்ப்பது, பால் கறப்பது யார்? சித்திரையில் உளுந்து பறித்தது யார்? இப்படிப் பருவம் பருவமாகக் கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள். தன் வீட்டு வயலில் கூலியில்லாமல் செய்வதும் வேலை; வீட்டுத் தேவைக்கு மட்டும் மாடு வைத்துப் பால் கறப்பதும் சென்சஸ் கணக்கில் வேலை. வருடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ என்றால் முதன்மைத் தொழிலாளி, குறைவு என்றால் குறுகிய காலத் தொழிலாளி. அறுவடை மெஷின் வந்த பிறகு அறுப்பு நாட்கள் போய்விட்டன. பல பெண்கள் அந்த ஆறு மாதக் கோட்டுக்குக் கீழே இறங்கியது அதனால்தான். முன்பு தை மாசி முழுக்க வேலை இருக்கும் என்று அவர்களே சொன்னார்கள்.

ஆண்களில் வேறு குழப்பம். யார் விவசாயி? பட்டா யார் பெயரில் என்று பார்த்து எழுதினால் தவறு. எங்கள் பக்கம் கோயில் நிலம், மடத்து நிலம் அதிகம். தன் பெயரில் ஒரு குழி நிலம் இல்லாமல், கோயில் நிலத்தைத் தலைமுறையாகக் குத்தகைக்குச் செய்கிறவர் சென்சஸ் கணக்கில் விவசாயி. பத்து ஏக்கரைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காமல் கடைத்தெருவில் கடை நடத்துகிறவர் விவசாயி இல்லை. அவருக்கு இது பிடிக்காது, "எழுதுங்கம்மா, விவசாயின்னு" என்று குரலை உயர்த்துவார். நான் மாற்றி எழுதவில்லை. நாட்டின் சென்சஸ் வரலாற்றில் முதல் முறையாக 2011-இல்தான் விவசாயக் கூலித் தொழிலாளர்கள் (14.43 கோடி) விவசாயிகளைத் (11.88 கோடி) தாண்டினார்கள். தமிழ்நாட்டில் கூலித் தொழிலாளர்கள் சுமார் 96 லட்சம், விவசாயிகள் சுமார் 42 லட்சம். ஒரு கடைக்காரரின் கௌரவத்துக்காக நான் போடும் ஒரு தவறான குறி அந்த எண்ணுக்குள்தான் போய்ச் சேரும்.

இன்னொரு விஷயம். இவ்வளவு வயலும் மாடும் இருந்தும் எங்கள் ஊர் கணக்கில் நகர்ப்புறம். பேரூராட்சி என்ற பெயர் இருப்பதால் அப்படி. அந்தப் பெயர் இல்லாத ஊர் என்றால் 5,000 பேராவது இருக்க வேண்டும், முதன்மைத் தொழில் செய்யும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயமில்லாத வேலை செய்ய வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் இருக்க வேண்டும். அப்போதுதான் சென்சஸ் அதை நகரம் என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் ஊரை அந்த அளவுகோலில் வைத்தால் நிற்காது. 2004-இல் பேரூராட்சிகளைச் சிறப்பு ஊராட்சிகளாக மாற்றி, 2006-இல் மறுபடி பேரூராட்சிகளாக்கினார்கள். தரை அப்படியேதான் இருந்தது. கூலிக்காரத் தெருக்களில் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி, "வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஊராட்சிக்காரங்களுக்கு நூறு நாள் வேலை இருக்கு, நமக்கு ஏன் இல்ல?" அந்தத் திட்டம் கிராம ஊராட்சிகளுக்கு மட்டும் என்ற பதிலை எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. சொல்லும்போதெல்லாம் எனக்கே அது நியாயமாகப் படவில்லை. 2011-இல் தமிழ்நாட்டில் 48 சதவீதத்துக்கு மேல் நகர்ப்புறம் என்று படிக்கும்போது, அந்தச் சதவீதத்துக்குள் எங்களைப் போன்ற நடவு வயல் ஊர்களும் இருக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வயதைக் கேட்பது ஒரு கலை. பிறந்த தேதி தெரியாத பெரியவர்கள் அறுபது, அறுபத்தஞ்சு, எழுபது என்று முழு எண்ணாகச் சொல்வார்கள். எங்கள் பக்கம் புயல்கள்தான் நாட்காட்டி. 1952 நவம்பர் புயல், 1964 தனுஷ்கோடி புயல், 1977 நவம்பர் புயல். ஒரு பாட்டி வயது அறுபது என்றார். "ஐம்பத்திரண்டு புயல் ஞாபகம் இருக்கா?" என்றேன். "ஏன் இல்லாம? கூரை பறந்தப்ப பெரியவன் என் வயித்துல" என்றார். அப்படியென்றால் பெரியவருக்கு 57, பாட்டிக்கு எழுபத்தைந்தை ஒட்டி. மகனின் அட்டையில் 52 என்று இருந்தது. அவரும் அம்மாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். உங்கள் பகுதியில் எல்லோருக்கும் நினைவிருக்கும் வெள்ளம், புயல், தேர்தல், கும்பாபிஷேகம் எது எது, எந்த வருடம் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஊர்ப் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

பிப்ரவரி 28 இரவு வீடில்லாதவர்களை எண்ண வேண்டும். அமாவாசைக்கு நான்கு நாள் இருந்தது, நல்ல இருட்டு. கோயில் மண்டபம், பேருந்து நிலையம் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பேருந்து நிலையத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். எங்களைப் போன்ற ஊரில் வீடில்லாமல் இரவைக் கழிக்கிறவர்கள் வயலில்தான் அதிகம். கொள்முதல் நிலையத்தில் நெல் குவியலைக் காவல் காத்துப் படுத்திருப்பவர்களுக்கு வீடு இருக்கிறது, அவர்கள் வேறு. அறுவடை மெஷினோடு சேலம் பக்கத்திலிருந்து வந்த டிரைவர்கள் மெஷினுக்கு அடியில் படுத்திருந்தார்கள். அவர்கள் சொந்த ஊரில் எழுதியாயிற்றா என்று கேட்டு, எழுதாதவர்களை எழுதினோம். அறுப்பு முடிந்து உளுந்து தெளிக்காத வயல்களில், ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்த கீதாரிகள், அதாவது ஊர் ஊராக ஆடு மேய்க்கிறவர்கள், ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். வாத்து மேய்க்கிற ஒரு குடும்பம் வடிகால் ஓரம் கூடாரம் அடித்திருந்தது. டார்ச்சோடு வரப்பில் நடந்து போனோம். கூட வந்த கிராம உதவியாளருக்கு எந்த வயலில் இன்று கிடை என்று தெரிந்திருந்தது. அவர் இல்லையென்றால் எனக்கு அந்த இரவில் ஒருவரும் கிடைத்திருக்க மாட்டார்கள். கீதாரி எழுந்து உட்கார்ந்து, தன்னையும் தன் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் நிதானமாகச் சொன்னார். "மாசாமாசம் வேற ஊருல இருக்கோம், எங்களை எந்த ஊரு எழுதும்னு இருந்தோம்" என்றார். முன்கூட்டியே நிலக்காரர்களிடம் கேட்டு, அந்த வாரத்தில் எந்த வயலில் கிடை, எங்கே வாத்துக் கூடாரம் என்று குறித்துவைத்துக்கொண்டால் இரவில் அலைய வேண்டாம்.

மார்ச் 1 முதல் 5 வரை, எழுதியதைச் சரிபார்க்க மறுபடி ஒரு சுற்று. பிப்ரவரி 28 முடிந்து மார்ச் 1 தொடங்கும் நள்ளிரவுக் கணம்தான் கணக்கு. அதற்கு முன் பிறந்த குழந்தையைச் சேர்க்க வேண்டும், அதற்கு முன் இறந்தவரை நீக்க வேண்டும். என் பகுதியில் இரண்டு பிறப்பு, ஒரு சாவு. சாவு வீட்டில் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டு, மூன்றாம் நாள்தான் போனேன். அப்படிச் செய்ய நேரம் இருந்தது.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை. இந்த முறை அவளுக்கு இந்த வேலை வரும் என்று எதிர்பார்க்கிறாள். செல்போனில் மேலிருந்து எடுத்த படத்தில் ஊர் முழுக்கத் தெரிகிறதே, எதற்கு டீச்சர் நடக்க வேண்டும் என்றாள். பொங்கல் கழிந்த ஒரு காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் நடந்தேன். படத்தில் அந்த இடம் மரமாகத்தான் தெரிந்தது. தூர் வாரியபோது கரையை அகலப்படுத்தியதில் மூன்று குடிசைகள் இடம் மாறி, படுகைப் பக்கம் போயிருந்தன. இரண்டு புதிது. அவள் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தாள். மூங்கில் பாலம் இருந்த இடத்தில் இப்போது சிமென்ட் பாலம். அதைத் தாண்டும்போது, ஒரு கையால் கண்ணுக்கு நிழல் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"யாரு, டீச்சரா? நம்பர் போட வந்துட்டீங்களா?" என்றார்.